நயினாதீவும் நாவாய் வணிகரும்

நீர் சூழ்ந்த நிலத்தைத் திருநிலமாகப் போற்றி அங்கே கோயிலெடுக்கும் வழக்கம் ஆசிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. வியட்நாமின் தலைநகராகிய ஹனோயில் மேலையேரி எனப்படும் பெரிய ஏரியொன்று உளது. அதன்கண் அமைந்த சிறு திட்டிலே திரான் குவோக் என்னும் பழைய பௌத்தப் பள்ளி நிற்கின்றது. 6ஆம் நூற்றாண்டில் ஆற்றங்கரையிலே எழுந்ததென மரபு கூறும் அப்பள்ளி, கரை அரிப்புண்டமையால் 1615ஆம் ஆண்டில் ஏரித்திட்டுக்கு மாற்றப்பட்டது. 1959ஆம் ஆண்டில் ஹனோய் சென்ற இந்தியக் குடியரசுத் தலைவர் இராசேந்திரப் பிரசாத் அவர்கள் புத்தகயையின் போதிமரக் கன்றொன்றை அங்கே நட்டார். நீர்நடுவே நிற்கும் கோயில் ஒதுங்கி வாழும் இடமாகத் தோன்றினும், தொலைநாட்டு உறவு தேடி வந்து சேரும் இடமாகவும் அஃது அமைதலை இச்செய்தி உணர்த்தும்.

இவ்வுண்மையைக் காண்பதற்கு நாம் ஹனோய் வரை செல்ல வேண்டுவதில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே கடலிற் கிடக்கும் நயினாதீவே அதற்குத் தக்க சான்றாகும். ஏறத்தாழ 4 சதுர கிலோமீற்றர் பரப்பே உடைய இச்சிறு தீவிலே ஸ்ரீ நாகபூஷணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அடுத்தடுத்து உள்ளன. சைவர் இதனைச் சத்தி பீடங்களுள் ஒன்றாகவும், பௌத்தர் புத்தபிரான் அடி வைத்த இடமாகவும் போற்றுவர். இரு சாராரும் வந்து வழிபடும் இத்தலத்தைப் பற்றி வகுப்பறையில் எழும் முதல் வினா, இஃது ஆதியில் யாருடையது என்பதே. அவ்வினாவை எழுப்புவோர் அனைவரும் விடையை முன்னரே கையில் வைத்துக்கொண்டுதான் எழுப்புகின்றனர். ஆகவே, அதனை ஒருபுறம் வைத்து, தீவைப் பற்றிய பழைய சான்றுகள் தாமாகவே கூறுவன யாவை என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தீவுக்குச் செல்லும் வழி

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து புறப்படுவோர் பண்ணைத் தாம்போதி வழியே பரவைக்கடலைக் கடந்து மண்டைதீவுச் சந்தியையும் அல்லைப்பிட்டியையும் தாண்டி வேலணையை அடைவர். அங்கிருந்து மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்கு வழிவிடும். புங்குடுதீவின் மேற்கோரத்திலுள்ள குறிகட்டுவான் துறையிலே தெருவழி முடிவுறும். அப்பால் இயந்திரப் படகிலே செல்லல் வேண்டும். காற்று அடங்கியிருக்குங் காலத்தில் அரைமணி நேரத்துக்குள் நயினாதீவை அடையலாம். சோளகக் காற்று வீறுகொள்ளும் நாட்களிலோ, அச்சிறு தொலைவே நெடுந்தொலைவாகத் தோன்றும். படகின் இருமருங்கும் அலை எழுந்து விழ, முதியோரும் குழந்தைகளும் அம்மனை வேண்டிக்கொண்டு அமர்ந்திருப்பதை ஆனி மாத மகோற்சவ காலத்திற் காணலாம்.

இவ்வழியிலே கடலின் இயல்பை உற்று நோக்குதல் நலம். நீர் பெரும்பாலும் ஆழமற்றது. மணற்றிட்டுக்களும் முருகைக் கற்பாறைகளும் நீரின் கீழே மறைந்து கிடக்கும். பாக்கு நீரிணையிற் புகுந்த கலம் எதுவாயினும் வழியறிந்த மாலுமியின்றி இப்பகுதியைக் கடத்தல் அரிது. ஆயினும், சோழநாட்டுத் துறைகளிலிருந்து மாதோட்டத்துக்கும், சேரநாட்டுத் துறைகளிலிருந்து கீழைக்கடலுக்கும் செல்ல விரும்பிய சிறு கலங்கள் இந்நீரிணையை நாடியே வந்தன. காற்று மாறும் வரை காத்திருப்பதற்கும், நன்னீர் எடுப்பதற்கும், உடைந்த பாயையும் பலகையையும் செப்பனிடுவதற்கும் தீவுகள் துணைநின்றன. கடலின் இவ்வியல்பை மனத்திற் கொண்டே பின்வரும் சான்றுகளை நோக்குதல் வேண்டும்.

நாகதீபமும் மணிபல்லவமும்

மகாவமிசம் கூறும் கதை யாவரும் அறிந்ததே. மணியாசனம் ஒன்றின் பொருட்டு மகோதரன், சூளோதரன் என்னும் நாக அரசர் இருவர், மாமனும் மருமகனுமாகிய உறவையும் மறந்து போருக்கெழுந்தனர். புத்தர் தாம் ஞானம் பெற்ற 5ஆம் ஆண்டில் நாகதீபத்துக்கு எழுந்தருளி அவர்தம் பகையை ஆற்றினார் என்பது அந்நூற் செய்தி. சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையும் இதனோடு ஒத்த கதையொன்றைக் கூறும். கடற்றெய்வத்தால் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட மணிமேகலை, தெற்கே 30 யோசனைத் தொலைவிலுள்ள மணிபல்லவத்திலே புத்த பீடிகையைக் கண்டு தன் பழம்பிறப்பை உணர்கின்றாள். அப்பீடிகையும் நாக அரசர் இருவர் தமதென்று பூசலிட்டதே.

இவ்விரு நூல்களையும் இணைத்து நோக்கிய அறிஞர் சிலர் நயினாதீவே நாகதீபம் என்றும் மணிபல்லவம் என்றும் கொண்டனர். ஆனால், 1936ஆம் ஆண்டில் வல்லிபுரத்திலே கிடைத்த பொற்றகடு இதனைச் சற்று விரித்து நோக்கச் செய்கின்றது. கி.பி. 1ஆம், 2ஆம் நூற்றாண்டுகளில் ஆண்ட வசபன் காலத்தைச் சேர்ந்த அத்தகடு, நாகதீபத்தை ஆண்டுவந்த அமைச்சன் ஒருவன் காலத்தில் விகாரையொன்று எடுக்கப்பட்டதைக் குறிப்பிடுகின்றது என்பர். வல்லிபுரமோ குடாநாட்டின் வடமராட்சிப் பகுதியில் உள்ளது. ஆகவே, நாகதீபம் என்னும் பெயர் ஒருகாலத்தில் குடாநாட்டையும் அதனைச் சூழ்ந்த நிலத்தையும் ஒருங்கே சுட்டியதாகல் வேண்டும். போல் பீரிஸ் அவர்கள் 1917ஆம் ஆண்டளவில் கந்தரோடையிலே பௌத்த எச்சங்களை ஆராய்ந்தபோதும் நாகதீபத்தைக் குடாநாடாகவே கொண்டனர். பெரு நிலத்துக்குரிய பெயர் பின்னர் ஒரு சிறு தீவில் நிலைத்தல் உலகியலுக்குப் புறம்பானதன்று. எனினும், பழநூல்களில் நாகதீபம் என வரும் இடமெல்லாம் நயினாதீவே என்று துணிதல் பொருந்தாது.

நிற்க. இடத்தைப் பற்றிய இவ்வாராய்ச்சியில் மூழ்கி, மணிமேகலை கூறும் மற்றொரு செய்தியை நாம் பெரிதும் கவனிப்பதில்லை. ஆபுத்திரன் சாவகநாடு செல்லும் மரக்கலத்தில் ஏறுகின்றான். காற்றின் காரணமாகக் கலம் மணிபல்லவத்திலே பாயிறக்கித் தங்குகின்றது. அவன் தீவிலே இறங்கியிருக்க, அவன் ஏறிவிட்டான் எனக் கருதி மாலுமிகள் கலத்தைச் செலுத்திச் சென்றுவிடுகின்றனர். உண்போர் இல்லாத தீவிலே அமுதசுரபியை வைத்திருந்து பயன் யாதென்று அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு, அவன் உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான். சாத்தனார் காட்டும் மணிபல்லவம் எதுவாயினும், அது சோழநாட்டுக்கும் சாவகத்துக்கும் இடையே காற்றுக்கு ஒதுங்கிய கலங்கள் தங்கும் இடம் என்பது புலவர் மனத்தில் ஐயமின்றி இருந்தது.

அந்நூலின் வேறொரு பகுதியும் நம் பொருளுக்கு இயைபுடையது. கலமுடைந்து நாகர் மலைப் பக்கத்திலே கரையொதுங்கிய சாதுவன் என்னும் வணிகன், அங்கு வாழ்ந்த நாகர் தலைவனுக்கு அறம் உரைக்கின்றான். கலமுடைந்து உயிர்பிழைத்து வருவோரைக் கொல்லாது காத்தல் வேண்டும் என்பதே அவன் முதன்மையாகக் கேட்கும் வரம். தலைவன் அதற்கு உடன்பட்டு, முன்னர் உடைந்த கலங்களிலிருந்து எடுத்த சந்தனக் கட்டைகளையும் ஆடைகளையும் அவனுக்கே அளிக்கின்றான். கரையொதுங்கியவன் உயிர் யாருக்குரியது, அவன் பொருள் யாருக்குரியது என்னும் இரு வினாக்களும் பழந்தமிழருக்கு ஏட்டுச் சுரைக்காயாக இருக்கவில்லை. கடல் வணிகம் செய்வார் நாள்தோறும் எதிர்நோக்கிய வினாக்களே அவை.

தலவரலாறு

இனி, நயினாதீவிலே வழங்கும் தலவரலாற்றை நோக்குவோம். அயலிலுள்ள புளியந்தீவிலிருந்து நாகம் ஒன்று நாள்தோறும் மலரைக் கவ்விக்கொண்டு கடலை நீந்தி வந்து அம்மனை வழிபட்டது. ஒருநாள் கருடன் அதனை வழிமறித்தது. நாகம் அஞ்சிக் கடலின் நடுவே கல்லொன்றைச் சுற்றிக் கிடந்தது. அவ்வேளையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகன் ஒருவன் மரக்கலத்தில் அவ்வழியே வந்தான். நாகத்தின் துயர்கண்டு இரங்கிய அவன், அதனை விடுமாறு கருடனை வேண்டினான். தன் கலத்திலிருந்த பெரும் பொருளை அம்மனுக்கு அளிப்பதாக உறுதி கூறி நாகத்தை மீட்டான், கோயிலையும் எடுப்பித்தான். பாம்பு சுற்றிய கல், கருடன் கல் எனப்படுவனவற்றைத் தீவார் இன்றும் கடலிலே காட்டுவர்.

இக்கதைக்கு ஆண்டு குறிக்க முயல்வது வீண்வேலை. ஆனால், கதையிலே தெய்வமும் நாகமும் கருடனும் மட்டுமன்றி, அவ்வழியாற் போன அயலூர் வணிகன் ஒருவனும் இன்றியமையாதவனாக இடம்பெறுதல் கருதத்தக்கது. அவன் தீவான் அல்லன். அவனுக்கு அந்நாகத்தோடு உறவும் இல்லை. வழிப்போக்கனாகிய அவன் அஞ்சிய உயிருக்கு அடைக்கலம் தேடித் தந்து, தன் பொருளை இழந்தான். கோயிலின் தோற்றத்தைத் தம் முன்னோர் அரசன் ஒருவனது வெற்றியோடு இணைக்காது கடலோடியின் இரக்கத்தோடு இணைத்து வைத்தனர் என்பதில் நயினாதீவு மக்கள் பெருமை கொள்ளலாம்.

கல் கூறும் செய்தி

கதைகளை விட்டுக் கல்லுக்கு வருவோம். நாகபூஷணி அம்மன் கோயிலிலே தமிழ்க் கல்வெட்டொன்று உளது. பொலனறுவையிலிருந்து 1153 முதல் 1186 வரை இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. பேராசிரியர் கா. இந்திரபாலா அவர்கள் இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் வெளியிட்டனர். இதன் பயனாக இக்கல் அறிஞர் உலகில் உரிய இடத்தைப் பெற்றது.

கல்வெட்டின் பொருளைச் சுருக்கமாகக் கூறின் அது வருமாறு: பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்குதல் வேண்டும், அவர்கள் காக்கப்படல் வேண்டும், பல துறைகளிலிருந்தும் பரதேசிகள் நம் துறைக்கு வந்து கூடுதல் வேண்டும். யானையும் குதிரையும் அரசனுக்கு விருப்பமானவை. ஆதலால், அவற்றைக் கொண்டுவரும் கலம் கேடுற்றால் நாலிலொரு பங்கு பண்டாரத்துக்கும், எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும். வேறு வணிகப் பண்டம் ஏற்றிய கலம் கேடுற்றால் சரிபாதி பண்டாரத்துக்கும் மறுபாதி உடையவனுக்கும் ஆகும். இவ்வொழுங்கு என்றும் நின்று நிலவும் பொருட்டுக் கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டது.

இங்கே பரதேசி என்னும் சொல் இன்றைய பேச்சு வழக்கில் உள்ளது போன்று இரந்துண்பவனைக் குறிப்பதன்று. பிற தேசத்தவன் என்னும் நேர்ப்பொருளே அதற்குரியது. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறை. வேலணைத் தீவின் வடமேற்கு முனையில், காரைநகருக்கு எதிரே அமைந்த துறை அது. பிற்காலத்தில் போர்த்துக்கேயர் தம் மொழியிலே துறைமேடையைக் குறிக்கும் சொல்லால் அதனை அழைத்தனர். கயிற்ஸ் என்னும் வழக்கு அதன் மரூஉ.

இவ்வாணையின் அருமையை உணர்வதற்கு அக்காலத்து வழக்கத்தை அறிதல் வேண்டும். உடைந்த கலத்தின் பொருள் கரைக்குரிய அரசனுக்கே உரியது என்பது பல நாடுகளிலும் நிலவிய வழக்கு. காகதிய அரசன் கணபதிதேவன் 1244ஆம் ஆண்டை ஒட்டி மோட்டுப்பள்ளியிலே பொறித்த அபய சாசனம் இதற்குச் சான்று. முன்னை அரசர்கள் புயலில் அகப்பட்டுக் கரையொதுங்கிய கலங்களின் பொருள் முழுவதையும் பறித்துக்கொண்டனர் என்றும், தான் உரிய சுங்கம் ஒழிந்த அனைத்தையும் வணிகருக்கே விடுவதாகவும் அவன் அதிற் கூறுகின்றான். காகதிய அரசனின் ஆணை நம் கல்வெட்டினும் தாராளமானது என்பது உண்மையே. ஆனால், அதற்கு ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டு முன்னரே, முழுதும் பறிக்கும் வழக்கத்துக்கு வரம்பு கட்டி, உடையவன் பங்கு இது, பண்டாரத்தின் பங்கு இது எனக் கணக்கிட்டுக் கல்லில் நிறுத்தியது நயினாதீவுக் கல்வெட்டு. அரசன் தன் கைக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்ட ஆணை அது.

அவ்வெல்லையை வகுத்தவன் அருளினால் மட்டுமே அதனைச் செய்தான் எனக் கொள்ளுதல் பேதைமை. யானைக்கும் குதிரைக்கும் தனிச் சலுகை கொடுத்ததிலிருந்தே அவன் கருத்து விளங்கும். படைக்கு வேண்டிய விலங்குகள் அவை. யானை வணிகத்திலே அரிமணநாட்டு அரசன், அஃதாவது பர்மிய அரசன், இடையூறு செய்தமையும் 1165ஆம் ஆண்டளவில் பராக்கிரமபாகு அந்நாட்டின்மேற் கடற்படை அனுப்பியதற்கு ஒரு காரணம் எனச் சூளவமிசம் கூறும். வணிகர் அஞ்சிப் பிற துறைகளுக்குச் சென்றுவிட்டால் பண்டாரத்துக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. நம்பி வந்தால் சுங்கமும் உண்டு, வேண்டிய பண்டமும் உண்டு. தன்னலமும் நீதியும் ஓரிடத்திற் சந்தித்தபோது எழுந்தது இச்சட்டம். நல்ல சட்டங்கள் பல இவ்வாறு எழுந்தனவே.

தமிழில் ஏன் எழுதினான்?

சிங்கள மன்னன், பௌத்த சமயத்தைப் பெரிதும் பேணியவன், தன் ஆணையைத் தமிழிலே பொறித்தது சிலருக்கு வியப்பளிக்கலாம். படிப்பவர் யாரோ அவர் அறிந்த மொழியிலே எழுதுவது ஆட்சிமுறை. ஊராத்துறைக்கு வந்த வணிகரும், அத்துறையைச் சூழ வாழ்ந்த மக்களும், சுங்கம் கொள்ளும் அதிகாரிகளும் அறிந்த மொழி தமிழாக இருந்தது என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது.

அன்றியும், அந்நாளிலே தமிழ் கடல் வணிகத்தின் பெருமொழிகளுள் ஒன்று. சுமாத்திராவின் பாரூசிலே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்துள்ளது. பர்மாவின் பகானிலே நானாதேசி விண்ணகரம் பற்றிய 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் தமிழ் உளது. சீனத்தின் குவான்சூத் துறையிலே 1281ஆம் ஆண்டில் சிவன் கோயில் எடுத்தோர் தமிழிலே அதனைப் பொறித்தனர். பாரூசுக்கும் குவான்சூவுக்கும் இடையே செல்லும் கலம், இன்று வியட்நாம் எனப்படும் நாட்டின் நெடுங்கரையை ஒட்டியே செல்லல் வேண்டும். அக்கரையின் தென்பாகத்திலே சம்பா அரசர் சிவன் கோயில்களை எடுத்து வடமொழியிற் கல்வெட்டுக்களைப் பொறித்தனர் என்பதும் ஈண்டு நினைவு கூரற்பாலது.

கல்வெட்டை மட்டுமே கொண்டு பேசுகின்றோம் என ஐயுறுவார்க்கு மண்ணும் சான்று பகர்கின்றது. பண்ணைத் தாம்போதியைக் கடந்து ஊர்காவற்றுறைக்குச் செல்லும் வழியிலுள்ள அல்லைப்பிட்டியிலே, 1970களின் பிற்பகுதியில் சீனப் பீங்கான் ஓடுகள் பெருந்தொகையாக வெளிப்பட்டன. தொல்லியலறிஞர் யோன் காசுவெல் அவற்றை ஆராய்ந்து 11ஆம், 12ஆம் நூற்றாண்டுகளுக்குரியன எனக் கண்டனர். 2018ஆம் ஆண்டில் சாங்காய் அருங்காட்சியகத்தாரும் இலங்கைத் தொல்லியலாளரும் அவ்விடத்தை மீண்டும் அகழ்ந்தனர். தென்சீனத்துச் சூளைகளிற் சுட்ட அக்கலங்கள் அங்கே கிடைத்தன. கல்லிலே பரதேசிகள் வருக என்று எழுதப்பட்ட காலமும், மண்ணிலே அவர்தம் பண்டங்கள் புதையுண்ட காலமும் இவ்வாறு நெருங்கி நிற்கின்றன.

ஒரு துறை, இரண்டு கல்

ஊராத்துறையின் பெயர் அதே காலத்து மற்றொரு கல்வெட்டிலும் வருகின்றது. தொண்டைநாட்டுத் திருவாலங்காட்டிலுள்ள அச்சோழக் கல்வெட்டு, இரண்டாம் இராசாதிராசனின் 12ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. பாண்டிநாட்டு அரசுரிமைப் போரிலே பராக்கிரமபாகு தலையிட்டுத் தன் சேனையை அனுப்பிய காலம் அது. அவன் மேலும் படையெடுக்கக் கருதி ஊராத்துறை, புலைச்சேரி, மாதோட்டம், வல்லிகாமம், மட்டிவாழ் ஆகிய இடங்களிலே படை திரட்டிப் படவுகள் கட்டுவித்தான் என்றும், அதனை அறிந்த சோழர் தரப்பினர் அவனுடைய உறவினனும் ஈழ அரசுரிமை கோரியவனுமாகிய சீவல்லபனைப் படையோடு அனுப்பினர் என்றும் அக்கல்வெட்டுக் கூறும். அப்படை அவ்விடங்களை அழித்து யானைகளைக் கைப்பற்றிச் சென்றது.

இவ்விரு கற்களையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வரலாறு பயில்வோர்க்கு நல்ல பயிற்சியாகும். அரசன் ஒருவனே, துறையும் ஒன்றே. ஒரு கல்லிலே அது பரதேசிகள் அஞ்சாது வந்து தங்கும் இடம். மற்றைய கல்லிலே அது போர்க்கலம் கட்டும் இடம். பின்னர் எரியுண்ட இடம். யானைகளும் இரண்டிலும் வருகின்றன: ஒன்றிலே வணிகன் கொண்டுவருவன, மற்றொன்றிலே பகைவன் கொண்டுசெல்வன. கல்வெட்டை எழுதுவித்தவன் தனக்கு வேண்டியதையே எழுதுவிப்பான். ஆகவே, ஒரு கல்லை மட்டும் படித்து ஓர் அரசனைப் புகழ்வதும் இகழ்வதும் முறையன்று. வணிகருக்கு அபயம் அளித்த கையே அயல்நாட்டுப் போருக்கும் படவு கட்டுவித்தது. போரினால் முதலில் அழிந்ததும் அத்துறையே.

அழிவும் ஆக்கமும்

பிற்காலத்து வரலாறும் இதனையே வலியுறுத்தும். 1619ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசைப் போர்த்துக்கேயர் கைப்பற்றினர். அதனை அடுத்து நாகபூஷணி அம்மன் கோயிலும் இடிக்கப்பட்டதென்றும், அடியார் திருவுருவை மரப்பொந்திலே மறைத்துக் காத்தனரென்றும் தீவிலே வழங்கும் மரபு கூறும். 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அவர்கள் தங்கள் நாட்டு நகர்களின் பெயர்களைத் தீவுகளுக்கு இட்டனர். வேலணை லெய்டன் ஆயிற்று. காரைநகர் அம்சுற்றடாம் ஆயிற்று. நயினாதீவு ஆர்லம் ஆயிற்று. அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்வ்ற் என்னும் பெயரே இன்றளவும் பெருவழக்கில் உள்ளது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கோட்டையும் அக்காலத்தை நினைவூட்டும். அந்நாளிலும் வன்னியிற் பிடித்த யானைகள் இத்துறை வழியாகவே கடல் கடந்தன. குதிரையின் நினைவோ நெடுந்தீவிலே கட்டாக் குதிரைகளாக இன்றும் மேய்ந்து திரிகின்றது.

ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதியாகிய 18ஆம் நூற்றாண்டிலே நாகபூஷணி அம்மன் கோயில் மீண்டும் எழுந்தது. இன்று நாம் காணும் நாகவிகாரை 20ஆம் நூற்றாண்டிலே அமைந்தது. எழுந்தவை மீண்டும் துன்பமுற்றன. 1958ஆம் ஆண்டுக் கலவர நாட்களில் விகாரை அழிவுற்று, பின்னர் மீளக் கட்டப்பட்டது. 1986ஆம் ஆண்டில் அம்மன் கோயில் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. போர்க்காலத்தில் தீவகத்து ஊர்கள் பல மக்களின்றி வெறிச்சோடின. போர் ஓய்ந்தபின், 2012ஆம் ஆண்டிலே கோயிலின் 108 அடி உயர இராசகோபுரம் குடமுழுக்குக் கண்டது. தென்னிலங்கையிலிருந்து வரும் பௌத்த யாத்திரிகரும், குடாநாட்டிலிருந்து வரும் சைவ அடியாரும் குறிகட்டுவானில் ஒரே வரிசையில் நின்று ஒரே படகில் ஏறுகின்றனர். கடல் அவர்களுள் வேற்றுமை பாராட்டுவதில்லை. படகோட்டியும் பாராட்டுவதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். மகாவமிசமும் மணிமேகலையும் நாகர் பகை தீர்ந்த இடம் ஒன்றைப் போற்றுகின்றன. அவ்விடம் எதுவெனத் துணிதல் அரிது. தலவரலாறு அஞ்சிய உயிர்க்கு வழிப்போக்கன் அளித்த அடைக்கலத்தைக் கூறும், அதற்கு ஆண்டில்லை. ஆண்டெல்லை கூறத்தக்கதாய், கண்ணாற் கண்டு கையாற் றொட்டு அறியத்தக்கதாய் நயினாதீவில் நிற்கும் பழைய சான்று பராக்கிரமபாகுவின் கல்லேயாகும். கதைக்கும் காப்பியத்துக்கும் கல்லுக்கும் பொதுவாக நிற்பது ஒரு செய்தி. கடலிலே துன்புற்று வந்தவனை இக்கரை காத்தல் வேண்டும் என்பதே அது.

சிங்கள மன்னன் தமிழ்மொழியில் எழுதுவித்து, இன்று சைவக் கோயிலில் நிற்கும் ஆணை, எம்மொழியார் எச்சமயத்தார் எனக் கேளாது பரதேசிகள் அனைவருக்கும் பொதுவாகப் பேசுகின்றது. இத்தீவு ஆதியில் யாருடையது என்னும் வினாவுக்கு அக்கல் விடை கூறவில்லை. இத்துறைக்கு வந்தவனுக்கு நாம் கடப்பாடுடையது யாது என்னும் வினாவுக்கே விடை கூறுகின்றது. முன்னைய வினாவைக் கேட்டே நம் காலத்தில் இரு திருத்தலங்களும் துன்பம் கண்டன. பின்னைய வினாவைக் கேட்ட காலத்திலே சீனத்துக் கலமும் சோழநாட்டுக் கலமும் ஊராத்துறையை நாடி வந்தன. ஆசிரியராகிய நாம் மாணவர் முன் எவ்வினாவை வைக்கப் போகின்றோம் என்பது சிறிய செய்தியன்று.

இன்னுமொன்று. உப்புக்காற்றிலே நிற்கும் கல் நிலையானதன்று. தீவகத்துப் பழங்கோயில்களிலும் கிணற்றடிகளிலும் கேணிப் படிகளிலும் எழுத்துடைய கற்கள் வேறும் இருத்தல் கூடும். கோயில் திருப்பணி செய்வோர் பழைய கல்லை உடைத்து அத்திவாரத்தில் இடுமுன் அதிலே எழுத்துண்டா என ஒருமுறை நோக்குதல் வேண்டும். கல்லூரி மாணவர் கல்வி யாத்திரை செல்லும்போது, அம்மனையும் விகாரையையும் வணங்கியபின் இக்கல்லின் முன்னும் சற்று நிற்றல் நன்று. மணிமேகலையின் கைப்பாத்திரத்தின் பெயரையே கொண்ட அமுதசுரபி அன்னதான மண்டபத்திலே வந்தவர் யாவர்க்கும் உணவளிக்கப்படுவதையும் அவர்கள் காண்பர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கல்லிலே எழுதி வைத்த அறம் அம்மண்டபத்திலே நாள்தோறும் நடைபெறுகின்றது.